தாய்மாமன் சீரில் ஏழாயிரம் படம்

அக்கா மகள் கல்யாணம் முடிந்து நாலு மாதம் ஆகிறது. பெண்ணும் மாப்பிள்ளையும் பெங்களூரில் குடித்தனம் வைத்து, கேஸ் இணைப்பு வாங்கி, முதல் சண்டையும் போட்டுச் சமாதானமாகிவிட்டார்கள். மண்டபத்துக்காரர், சமையல்காரர், பந்தல்காரர், மேளக்காரர் எல்லோருக்கும் பாக்கி தீர்ந்தது. எனக்கு மட்டும் அந்தக் கல்யாணம் இன்னும் முடியவில்லை. காரணம், போட்டோ என்னிடம் இருக்கிறது.

ஸ்டூடியோக்காரர் ஹார்ட் டிஸ்கைக் கொண்டுவந்து நீட்டியபோது, வீட்டில் அத்தனை பேர் இருந்தும் அக்கா அதைத் தொடவில்லை. "தம்பிகிட்ட குடுங்க, அவனுக்குத்தான் இதெல்லாம் தெரியும்" என்றாள். கைநீட்டி வாங்கியதோடு நான் குடும்பத்தின் போட்டோ ஆபீசர் ஆனேன். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ரிட்டயர்மென்ட் கிடையாது. புகார் மட்டும் நாள் தவறாமல் வரும். தாய்மாமன் என்றால் எங்கள் பக்கத்தில் செய்முறை கொஞ்சமா? காதுகுத்துக்கு மடி கொடுத்தது முதல் முகூர்த்தப் பட்டு, மாலை, தட்டு வரிசை வரை ஒன்றும் குறை வைக்கவில்லை. படம் பட்டுவாடா செய்கிற இந்தச் சீர் எந்தப் பெரியவர் காலத்தில் பட்டியலில் ஏறியது என்றுதான் புரியவில்லை.

ஏறத்தாழ ஏழாயிரம் படம். "கேண்டிட்" எடுக்க இரண்டு பேர், "ட்ரெடிஷனல்" எடுக்க ஒருவர், தலைக்கு மேலே ஒரு ட்ரோன். தாலி ஏறுகிற அந்தச் சில நொடிக்கு மட்டும் நூற்றுக்கணக்கில் படம் இருக்கிறது. மாப்பிள்ளையின் விரல் மஞ்சள் கயிற்றில் முடிச்சுப் போடப் போகிறது, போடுகிறது, இன்னும் போடுகிறது, கொஞ்சம் குனிந்து போடுகிறது. அக்காவின் கல்யாணத்துக்கு மொத்தமே நாலைந்து ரோல். ஒரு ரோலுக்கு 36 படம். போட்டோகிராபர் கேமராவைக் கண்ணில் வைத்தபடி காத்திருப்பார், விரலை அழுத்த மனசு வராது, அழுத்தினால் காசு. கண்மூடியது, தலை வெட்டியது போக மிச்சம் ஆல்பத்தில் ஏறும். அந்த ஒரே ஆல்பம் வீடு வீடாகப் போகும். யாராவது ஒரு அத்தை தன் படத்தைப் பிய்த்து எடுத்துக்கொள்வார். அந்த இடத்தில் பசைத் தழும்பு நிற்கும். அன்றைக்கும் சண்டை இருந்தது. ஆனால் ஒரு படத்துக்கான சண்டை.

இப்போது கணக்கைக் கேளுங்கள். 24 மெகாபிக்ஸல் கேமராவில் எடுத்து, கலர் சரிசெய்து தருகிற ஒரு ஜேபெக் படம் சராசரியாக 8 எம்.பி. என்று வைத்துக்கொண்டால், ஏழாயிரம் படம் 56 ஜி.பி. வீட்டு இணைப்பில் மேலே ஏற்றுகிற வேகம் நொடிக்கு 10 மெகாபிட் என்றால், கரண்ட் போகாமல், இணைப்பு அறாமல், ஒரே மூச்சில் ஏறினாலும் சுமார் பன்னிரண்டரை மணி நேரம். அது நான் ஏற்றுவதற்கு. இறக்குகிறவர்கள் பாடு வேறு. தினம் 2 ஜி.பி. தருகிற ரீசார்ஜ் பேக் போட்டிருக்கும் ஒருவர், ரீல்ஸ் பார்க்காமல், கிரிக்கெட் பார்க்காமல், அத்தனை டேட்டாவையும் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கே செலவழித்தால் 28 நாளில் முழுவதும் இறங்கும். அந்த பேக்கின் ஆயுளும் பெரும்பாலும் 28 நாள்தான். கடைசிப் படம் இறங்குகிற அன்றைக்கு அவர் மறுபடி ரீசார்ஜ் செய்ய வேண்டும். "மாமா, ஒன்னு விடாம எல்லாத்தையும் அனுப்புங்க, நான் பார்த்துக்கிறேன்" என்று போனில் சொல்கிறவர்களில் ஒருவரும் இந்தக் கணக்கைப் போட்டதில்லை.

"வாட்ஸப்ல போட்டு விடுப்பா" என்பதுதான் எல்லோருக்கும் வாயில் முதலில் வருவது. ஒரு தடவைக்கு நூறு படம்தான் அனுப்பலாம். 2023க்கு முன்னால் அதுவும் முப்பதுதான். ஏழாயிரத்தை நூறு நூறாக அனுப்புவது இருக்கட்டும், முதல் இரண்டு நூறு போனதுமே குடும்பக் குரூப்பில் ஒரு குரல் வரும்: "யாருப்பா இத்தனை போட்டோவைத் தள்ளறது? போன் ஹேங் ஆகுது." முந்தின நாள் ராத்திரி, "எல்லாம் வேணும்" என்று கேட்ட அதே பெரியப்பாதான்.

போய்ச் சேர்ந்த படமும் முழுதாகப் போய்ச் சேர்வதில்லை. 6,000 பிக்ஸல் அகலத்தில் கிளம்பிய படத்தை வாட்ஸப் வழக்கமான முறையில் சுமார் 1,600 பிக்ஸலுக்குச் சுருக்கித்தான் அனுப்பும். கைபேசித் திரையில் பார்க்க ஒரு குறையும் தெரியாது. கோளாறு, அதைப் பிரின்ட் போடக் கொடுக்கிறபோது வரும். பெரியம்மா தம்பதி படத்தை 12க்கு 18 அங்குலத்தில் பெரிதாக்கிச் சட்டம் போட்டார். 1,600 பிக்ஸலை 18 அங்குலத்துக்குப் பரப்பினால் அங்குலத்துக்குத் தொண்ணூறு புள்ளிகூடத் தேறாது. நல்ல பிரின்ட்டுக்கு லேபில் 300 கேட்பார்கள். மாப்பிள்ளை முகத்தில் மாவு பூசினாற்போல் வந்தது. பழி லேப்காரருக்குப் போகவில்லை, பெரியம்மாவுக்கும் போகவில்லை. "நீ சரியா அனுப்பலை" என்று எனக்கு வந்தது. டாக்குமென்ட்டாக அனுப்பினால் படம் சுருங்காது, 2023 ஆகஸ்டிலிருந்து எச்.டி. என்றும் ஒரு வசதி இருக்கிறது என்று விளக்கினேன். பெரியம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அப்படி அனுப்பியிருக்கலாம்ல?" என்றார். இந்தக் கேள்விக்கு உலகத்தில் பதில் கிடையாது.

அனுப்புவது இப்படி என்றால், வாங்குவது இன்னொரு கூத்து. மண்டபத்தில் ஆளுக்கொரு கைபேசியில் எடுத்தார்கள் அல்லவா, அதையெல்லாம் சேர்த்து ஒரே இடத்தில் வைக்கலாம் என்று மாப்பிள்ளை ஆசைப்பட்டார். நியாயமான ஆசைதான். வந்ததில் பாதி, பெயரில் "டபிள்யூ.ஏ." என்ற எழுத்தைச் சுமந்துகொண்டு வந்தது. அதாவது வாட்ஸப்பில் ஏற்கெனவே ஒரு சுற்றுச் சுற்றி இளைத்த படங்கள். வாட்ஸப் வழியாகச் சாதாரணமாக வந்த படத்தில் எடுத்த தேதி, நேரம் போன்ற உள்குறிப்புகள் இருக்காது. பெயரில் இருக்கிற தேதி அது கைபேசிக்கு வந்து சேர்ந்த தேதி. தாத்தாவின் 1985 படத்தை நேற்று யாராவது அனுப்பினால் கேலரியில் அவர் நேற்று எடுத்த படமாக நிற்பார். சிங்கப்பூரிலிருந்து வந்த தம்பி அனுப்பிய படங்கள் இன்னொரு ரகம். ஐபோன் 2017லிருந்து 'ஹெய்க்' என்ற வடிவத்தில் சேமிக்கிறது. அக்கா வீட்டுப் பழைய கம்ப்யூட்டர் அதைத் திறக்க மாட்டேன் என்கிறது. "தம்பி அனுப்பினதுல ஒன்னுமே இல்லையே, வெறும் வெள்ளைக் காகிதமால்ல வருது" என்று அக்காவுக்கு வருத்தம். தம்பிக்கு, தான் அனுப்பியதை யாரும் பார்க்கவில்லை என்று கோபம். நடுவில் நான்.

சரி, லிங்க் கொடுத்துவிடலாம் என்று பார்த்தால், அதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 2015 மே மாதம் கூகுள் போட்டோஸ் வந்தபோது, 16 மெகாபிக்ஸலுக்குள் சுருக்கிக்கொள்ளச் சம்மதித்தால் எத்தனை படம் வேண்டுமானாலும் இலவசமாக வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். நம் ஆட்களுக்கு இலவசம் என்றால் கேட்கவா வேண்டும். குழந்தை, குலதெய்வம், மளிகைப் பில், சாம்பார், தவறுதலாக எடுத்த செருப்பு எல்லாவற்றையும் ஏற்றினோம். 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகை நின்றது. இப்போது மெயில், டிரைவ், போட்டோ மூன்றுக்கும் சேர்த்து 15 ஜி.பி.தான் சும்மா. எங்கள் 56 ஜி.பி.யில் மாப்பிள்ளை அழைப்பு ஏறுவதற்குள் இடம் தீர்ந்துவிடும். தாலி கட்ட வேண்டுமானால் சந்தா கட்ட வேண்டும். சந்தா கட்டாமல் இடத்தை நிரப்பிவைத்தால் மெயில் வருவது நின்றுபோகும். கட்டிவந்த சந்தாவை நிறுத்திவிட்டு, வரம்பு மீறி இரண்டு வருஷம் அப்படியே கிடந்தால் படங்களை அழிக்கவும் அவர்கள் விதியில் இடம் இருக்கிறது. இதற்கு முன்னால் ஆர்குட் 2014இல் மூடியது, பிகாசா 2016இல் மூடியது, ஃபிளிக்கர் 2013இல் ஒரு டெராபைட் இலவசம் என்று கூப்பிட்டுவிட்டு 2019இல் இலவசக்காரர்களுக்கு ஆயிரம் படம் போதும் என்றது. ஒவ்வொரு தடவையும் வீட்டில் யாரோ ஒருவன் மூட்டை கட்டியிருப்பான். அவன் யார் என்று சொல்லத் தேவையில்லை.

கடைசியில் சந்தா கட்டி ஏற்றினேன். லிங்க்கை அனுப்பினேன். "ஓப்பன் ஆகலை" என்று பத்து பேர். "பாஸ்வேர்டு கேக்குது" என்று நாலு பேர். அது அவர்களுடைய சொந்த மெயிலின் பாஸ்வேர்டு, அதை என்னிடம் கேட்கிறார்கள். அனுமதி கேட்டு நடுராத்திரியில் மெயில் வரும், அதுவும் யாரென்றே தெரியாத பெயரில். 'கிங் ஆஃப் கிங்ஸ்' என்று ஒருவர் விடாமல் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார். எவனோ விஷமக்காரன் என்று தள்ளிவிட்டேன். விசாரித்ததில் மேலூர்ச் சித்தப்பா. அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பேரன் போட்டுக்கொடுத்த மெயில் முகவரி. "ராசாவுக்கே அனுமதி இல்லையாக்கும்" என்று இன்றுவரை குத்திக் காட்டுகிறார்.

சேர்ந்தவர்களும் படம் சேர்க்கலாம் என்று ஆல்பத்தைத் திறந்துவிட்டால் அடுத்த வினை. முகூர்த்தப் படங்களுக்கு நடுவே ஒரு ரோஜாப்பூவும் "இனிய காலை வணக்கம்" என்ற வாசகமும் வந்து உட்கார்ந்தன. யாரோ ஒரு அத்தான் தன் புது பைக்கின் ஆர்.சி. புத்தகத்தையும் ஏற்றிவிட்டார். மொத்தமாக இறக்கலாம் என்று டிரைவில் ஒரே ஃபோல்டராகப் போட்டுத் தந்தால், அது 2 ஜி.பி. அளவில் ஜிப் ஜிப்பாகப் பிரிந்து இறங்குகிறது. எங்கள் கணக்குக்கு இருபத்தெட்டு துண்டு. பதினேழாவது துண்டு பாதியில் நின்றால் யாருக்குப் போன் வரும்?

மண்டபத்திலேயே கைபேசிக்குக் கைபேசி மாற்றிக்கொள்ள முன்பு ஷேர்இட், செண்டர் என்று இருந்தன. டேட்டா செலவில்லாமல் பஸ்ஸில் உட்கார்ந்தபடி படம் மாற்றுவார்கள் நம் பிள்ளைகள். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 சீனச் செயலிகளில் அவை இரண்டும் போயின. இப்போது ஆண்ட்ராய்டில் குவிக் ஷேர் இருக்கிறது, ஐபோனில் ஏர்டிராப் இருக்கிறது. இரண்டுக்கும் ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். சிவகாசியில் இருக்கிறவருக்கும் துபாயில் இருக்கிறவருக்கும் நான் எங்கே போய் நிற்பது?

பென் டிரைவ் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை, வயிறு எரிகிறது. 32 ஜி.பி. என்று அட்டையில் போட்டிருப்பதைச் செருகினால் 29.8தான் காட்டும், கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, கம்ப்யூட்டர் 1,024ஆல் வகுக்கிறது. "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று சின்ன மாமா கடைவரைக்கும் போய்ச் சண்டை போட்டார். அதிலே போட்டுக்கொடுத்தாலும் பழைய டி.வி.யில் ஓட வேண்டும் என்பார்கள். பழைய டி.வி.க்கு 'ஃபேட் 32' என்ற முறையில் இருந்தால்தான் பிடிக்கும். அந்த முறையில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரு ஃபைல் ஏறாது. கல்யாண வீடியோவோ அதற்கு மேலே. "போட்டோ வருது, வீடியோ வரலை" என்று இன்னொரு போன். கொடுத்த பென் டிரைவ் ஒன்றாவது திரும்பி வந்ததா என்று கேட்காதீர்கள்.

இத்தனையும் யந்திரக் கோளாறு. மனிதக் கோளாறுக்கு வருகிறேன்.

எங்கள் கல்யாணங்களில் மொய் நோட்டு எழுத இரண்டு பேர் உட்காருவார்கள். இன்ன ஊர், இன்னார் மகன் இன்னார், ரூபாய் 501 என்று அழுத்தம் திருத்தமாக எழுதி, பக்கத்துக்குப் பக்கம் கூட்டிக் காட்டி, பீரோவில் பூட்டுவார்கள். இருபது வருஷம் கழித்துக் கேட்டாலும் மேலூர்ச் சித்தப்பா எவ்வளவு செய்தார் என்று ஒரு நிமிஷத்தில் எடுத்துச் சொல்லலாம். அதே மண்டபத்தில், அதே ஆட்களை எடுத்த ஏழாயிரம் படத்தில் ஒன்றுக்காவது பெயர் உண்டா? கேமரா வைத்த எண்தான் பெயர். அதுவும் 9999 வரை போய் மறுபடி 0001இல் தொடங்கும். இரண்டு கேமரா ஒரே கம்பெனியாக இருந்தால் ஒரே எண்ணில் இரண்டு படம் இருக்கும், ஒரே ஃபோல்டரில் கொட்டும்போது "பழையதை மாற்றிவிடவா?" என்று கம்ப்யூட்டர் கேட்கும், அவசரத்தில் ஆமாம் என்று தட்டினால் ஒரு பாட்டி போய்விடுவார். போதாததற்கு ஒரு கேமராவின் கடிகாரம் முக்கால் மணி முந்தி ஓடியிருக்கிறது. நேர வரிசைப்படி அடுக்கினால் எங்கள் மாப்பிள்ளை தாலியைக் கட்டிவிட்டுத்தான் காசி யாத்திரைக்குக் கிளம்புகிறார்.

இந்த லட்சணத்தில், "நான் இருக்கிற படத்தை மட்டும் தனியா எடுத்து அனுப்பு" என்று நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தம் படம் மட்டும் வேண்டும். அதில் தாம் நன்றாக இருக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர் இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. சில ஸ்டூடியோக்காரர்கள் இப்போது ஒரு கியூ.ஆர். கோடு தருகிறார்கள், அதை ஸ்கேன் செய்து நம் முகத்தை ஒரு செல்ஃபி எடுத்தால், நாம் இருக்கிற படங்களைத் தானே பொறுக்கித் தரும். வேலை மிச்சம் என்றுதான் நானும் நினைத்தேன். பந்தியில் வாய் நிறையச் சோற்றோடு, பின் வரிசையில் கொட்டாவி விட்டபடி, செருப்பைத் தேடிக் குனிந்தபடி இருக்கிற படங்களை எல்லாம் அது சரியாகக் கண்டுபிடித்துக் கொடுத்தது. பெரிய மாமா பாயசத்தை இலையிலிருந்து வழித்துக் குடிக்கிற படம் ஸ்டிக்கராகி மூன்று குரூப்பில் சுற்றுகிறது. அவர் என்னோடு பேசுவதில்லை.

இதையெல்லாம் சிரித்துவிட்டு விடலாம். சிரிக்க முடியாதது ஒன்று நடந்தது.

ஒன்றுவிட்ட தங்கை மகள் ஒருத்தி, கல்லூரியில் கடைசி வருஷம். பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு தோழிப்பெண்ணாக நின்றாள். யாரோ ஏதோ சொன்னதற்கு அவள் வாய்விட்டுச் சிரிக்கிற படம் ஒன்று, கேண்டிட்காரர் எடுத்தது. உண்மையிலேயே அருமையான படம். லிங்க் எங்கள் குடும்பக் குரூப்பில் மட்டும்தான் போட்டிருந்தது. அங்கிருந்து யாரோ இன்னொரு குரூப்புக்குத் தள்ள, அங்கிருந்து யாரோ அந்தப் படத்தை மட்டும் பிரித்தெடுக்க, அது ஒரு ஜாதகப் பரிவர்த்தனைக் குரூப்பில் போய் விழுந்திருக்கிறது. மண்டபத்திலேயே, "அந்தப் பச்சைப் பட்டு யாரு வீட்டுப் பொண்ணு?" என்று விசாரிக்கிற வழக்கம் நமக்குப் புதிதில்லை. அப்போது விசாரித்தவர் முகம் தெரியும், ஊர் தெரியும். இப்போது முகம் தெரியாத தரகர் ஒருவர் அந்தப் பெண்ணின் அம்மாவுக்குப் போன் போட்டு, "போட்டோ பார்த்தோம், பிடிச்சிருக்கு, ஜாதகம் அனுப்புங்க" என்கிறார். அந்தப் பெண் மேலே படிக்கப் போகிறேன் என்று வீட்டில் போராடிக்கொண்டிருக்கிற சமயம்.

தங்கை என்னிடம்தான் வந்தாள். "அண்ணே, எம் பொண்ணு படம் அவங்க கைக்கு எப்படிப் போச்சு?" என்று கேட்டாள். சண்டைக்கு வரவில்லை, சண்டைக்கு வந்திருந்தால் தேவலை. குரூப்பில் கேட்டேன். நான் இல்லை, நான் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். இரண்டு பெரியவர்கள், "நல்ல இடமா இருந்தா என்ன தப்பு?" என்றார்கள். தப்புதான். அந்தப் பெண் அக்கா கல்யாணத்துக்கு வந்தாள். பெண் பார்க்கும் சடங்குக்கு வரவில்லை. அவளைக் கேட்காமல் அவள் முகத்தை ஊருக்கு அனுப்ப நமக்கு யார் உரிமை கொடுத்தது? 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நிறைவேறியது. ஆனால் ஒருவர் தன் சொந்த, குடும்பக் காரியத்துக்குக் கையாளுகிற தகவல் அந்தச் சட்டத்துக்குள் வராது. சித்தியும் பெரியப்பாவும் செய்கிற ஃபார்வர்டுக்குப் போலீஸ் வராது. நமக்காகத் தெரிய வேண்டும். அன்றைக்கே லிங்க்கை மூடினேன். மூடியதற்கும் புகார் வந்தது: "இன்னும் நான் பார்க்கவே இல்லையே, அதுக்குள்ள எடுத்துட்ட?"

பார்க்கவே இல்லை. என் ஆதங்கத்தின் அடிவேர் இந்த இரண்டு சொல்லில் இருக்கிறது. எல்லாவற்றையும் கேட்கிறார்கள், ஒருவரும் பார்ப்பதில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் பார்க்கவில்லை. ஆல்பம் போட 180 படம் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள் என்று ஸ்டூடியோக்காரர் மாதக்கணக்கில் கேட்கிறார். பெண்ணைக் கேட்டால் "அம்மா பார்க்கட்டும்" என்கிறாள். அக்காவைக் கேட்டால் "அவங்க ரெண்டு பேரும் உக்காந்து பார்த்துச் சொல்லட்டும்" என்கிறாள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் தெளிவாக இருக்கிறார்: "எடுக்கிறவங்க யாரா இருந்தாலும் எங்க பக்கத்து ஆளுங்க கொறையக் கூடாது." அட்வான்ஸ் கொடுத்த கரிஸ்மா ஆல்பம் இன்னும் அச்சுக்கே போகவில்லை. எங்கள் வீட்டில் மட்டும் இப்படி என்று நினைத்தேன். ஸ்டூடியோக்காரர் சிரித்தார். செலக்ஷன் வராததால் முடங்கிக் கிடக்கிற ஆல்பங்கள் அவரிடம் வரிசையாக நிற்கின்றனவாம். அதில் ஒரு தம்பதிக்குப் பிள்ளையே பிறந்துவிட்டதாம்.

ஸ்டூடியோக்காரர்களை மட்டும் குறை சொல்லி என்ன. புக்கிங் அன்றைக்கு நாம் கேட்கிற முதல் கேள்வி என்ன? "எத்தனை போட்டோ தருவீங்க?" அவர் ஐயாயிரம் என்றால், பக்கத்துக் கடையில் ஆறாயிரம் தருகிறார்களே என்று பேரம் பேசுகிறோம். கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி எண்ணிக்கையைப் பேசி வாங்கிவிட்டு, பிறகு எண்ணிக்கையைச் சுமக்க முடியவில்லை என்று நான் புலம்புகிறேன். ரோல் இருந்த காலத்தில் பொறுக்குகிற வேலையைக் காசு செய்தது. இப்போது அந்த வேலைக்கு ஆள் இல்லை. கேமராக்காரர் பொறுக்காமல் என்னிடம் தருகிறார், நான் பொறுக்காமல் சொந்தக்காரர்களுக்குத் தருகிறேன், அவர்கள் திறக்காமல் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே, வரும் தையில் வீட்டில் விசேஷம் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புக்கிங்கின்போது எத்தனை தருவீர்கள் என்று கேட்காதீர்கள். எத்தனை பொறுக்கித் தருவீர்கள் என்று கேளுங்கள், அதற்குக் கூடக் கொஞ்சம் பணம் கேட்டால் கொடுங்கள். எல்லாக் கேமராவின் கடிகாரத்தையும் ஒன்றாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்குக் காசு இல்லை. பெண் வீட்டில் ஒருவர், மாப்பிள்ளை வீட்டில் ஒருவர், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் உட்கார்ந்து முந்நூறு படத்தை எடுத்து, அதை மட்டும் ஊருக்குக் கொடுங்கள். வயசுப் பெண்கள் இருக்கிற படத்தை அனுப்புமுன் அந்தப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் அம்மாவிடம் இல்லை, அவர்களிடம்.

எங்கள் வீட்டுச் சொந்தங்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். முந்நூறு படம் நானே எடுத்துவைத்திருக்கிறேன். இந்த வாரம் வந்துவிடும். உங்கள் படம் அதில் இல்லாவிட்டால் கோபப்படாமல் சொல்லுங்கள், தேடித் தருகிறேன். இல்லை, ஏழாயிரமும் வேண்டும் என்கிறவர்கள் சொந்த ஹார்ட் டிஸ்கோடு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். ஏறி முடிய மதியம் ஆகும், சாப்பிட்டுவிட்டே போகலாம். போன் மட்டும் போடாதீர்கள்.